பாட்டில் வீடு

பாட்டில் வீடு எது என்று கேட்டுக்கொண்டுதானே வந்தீர்கள்? தெருமுனையில் நீங்கள் கேட்டது இங்கேயே என் காதில் விழுந்தது. இந்தத் தெருவில் நாற்பத்து நான்கு வீடு. எல்லா வீட்டுக்கும் நம்பர் இருக்கிறது. இது இருபத்திரண்டு. கதவு நிலையில் நானே எழுதி வைத்திருக்கிறேன், அழியாத பெயிண்டில். ஆனாலும் கேட்டால் இருபத்திரண்டு என்று ஒருத்தன் சொல்ல மாட்டான். பாட்டில் வீடு. பால்வாடி போகிற பிள்ளைகூட அப்படித்தான் சொல்கிறது.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் அரை அங்குலம் குறைவு. இதில் உட்காருங்கள். உங்களுக்கும் மீசை நரைத்திருக்கிறது. தம்பி என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? எனக்கு எழுபத்து மூன்று.

காகிதத்தை அப்புறம் எடுங்கள். என்ன காகிதம் என்று எனக்குத் தெரியும். புதுக் குழாயிலிருந்து வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கச் சம்மதம். வாசல் குழியை மூடிக்கொள்கிறேன், மோட்டார் வைத்து உறிஞ்ச மாட்டேன், குழாய் இன்ன இடத்தில் இன்ன உயரத்தில் வேண்டும். கீழே கையெழுத்து. நாற்பத்து மூன்று வீட்டில் வாங்கிவிட்டீர்கள். இந்த வீடுதான் பாக்கி. நாளைக் காலையில் பழைய குழாயை அடைக்கப் போகிறீர்கள். கையெழுத்து இல்லாத வீட்டுக்குப் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. நேற்று திரவியம் வந்து வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனான். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. மெதுவாகச் சொன்னாலும் கேட்டிருக்கும்.

திரவியம் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வார்டு கவுன்சிலரின் வீட்டுக்காரன். கவுன்சிலர் அந்தப் பெண் ஜெயராணிதான். ஆனால் கூட்டத்துக்குப் போகிறவன் இவன், மாலை வாங்குகிறவன் இவன், ஏச்சு வாங்குகிறவளுக்கு மட்டும் ஜெயராணி என்று பெயர். இருக்கட்டும்.

கையெழுத்துக்கு முன்னால் நடந்ததை ஒரு ஆளாவது ஒழுங்காகக் கேட்க வேண்டும். இந்தத் தெருவில் ஒருத்தருக்கும் ஒழுங்காகக் கேட்கத் தெரியாது. பாதியில் சிரித்துவிடுவார்கள். நீங்கள் வெளியூர், அதனால்தான் சொல்கிறேன். எனக்கு ஆட்களிடம் பேசிப் பழக்கம் கிடையாது. தீப்பெட்டி ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் பண்டல் எண்ணுகிற வேலை பார்த்தேன். அறுநூறு பெட்டி ஒரு பண்டல். எண்ணும்போது வாயைத் திறந்தால் எண்ணிக்கை போய்விடும். அப்படியே வாய் மூடிப் பழகிவிட்டது. படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் பரீட்சைக்கு அம்மை வந்துவிட்டது.

இந்தக் குழியைப் பாருங்கள். எட்டிப் பாருங்கள், விழ மாட்டீர்கள். மூன்றே கால் அடி. மூன்று படி. அடியில் குழாய். இந்தத் தெருவுக்கு இரும்புக் குழாய் போட்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில். அப்போது குழாய் தரைக்கு மேலே, நிமிர்ந்து நின்றது. பிறகு உள்ளே துரு அடைத்தது. தண்ணீர் மேலே ஏற மறுத்தது. உடனே என்ன செய்ய வேண்டும்? நகராட்சிக்குப் போய்க் குழாயை மாற்று என்று கேட்க வேண்டும். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆளுக்கு ஒரு மண்வெட்டி எடுத்து வாசலில் ஓர் அடி தோண்டி, குழாயை அறுத்துக் கீழே இறக்கிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் ஓர் அடி இறக்கினால் இவன் ஒன்றரை அடி. அவன் இரண்டு என்றால் இவன் இரண்டே கால். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு தண்ணீரைத் தேடிப் பாதாளத்துக்குப் போன தெரு இது. நானும்தான் தோண்டினேன். தோண்டாவிட்டால் ஒரு சொட்டு வராது. ஆனால் எல்லாரும் தோண்டிய பிறகு கடைசியாகத் தோண்டினேன். அது வேறு.

நான்கு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர். காலை ஆறு இருபதுக்கு வரும், ஐம்பது நிமிஷம். முதல் ஏழு குடம் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வரும், கீழே ஊற்றிவிட வேண்டும். எட்டாவது குடத்திலிருந்து டீ நிறம். அதைப் பிடித்துப் பெரிய பானையில் ஊற்றி, தேத்தாங்கொட்டை உரசிப் போட்டு, இரண்டு நாள் அசையாமல் வைத்து, மேலாக மொண்டு, வேட்டியை நான்காக மடித்து வடிகட்டினால் கண்ணாடி மாதிரி இருக்கும். தெருவில் மற்றவர்கள் ஒற்றைத் துணியில் வடிகட்டுவார்கள். சிலர் அதுவும் இல்லை. நான் நாலு மடிப்பு.

ஒவ்வொரு தண்ணீரும் நான் எழுதி வைத்திருக்கிறேன். தினசரிக் காலண்டரில் அன்றைக்குத் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதுவேன். எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிஷம், எத்தனை குடம் கொட்டினோம், எத்தனை பிடித்தோம், தெருவில் எந்த வீட்டுக்கு முன்னால் குழாய் ஒழுகியது, எத்தனையாவது தடவை சைக்கிள் ட்யூப் வைத்துக் கட்டினார்கள். எழுதிக் கம்பியில் குத்திவிடுவேன். ஆறு வருஷம். நான்கு நாளைக்கு ஒரு தண்ணீர் என்றால் ஐந்நூற்று நாற்பத்தேழு. அதில் ஒன்பது தடவை தண்ணீரே வரவில்லை. ஐந்நூற்று முப்பத்தெட்டு தாள். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அப்போதுதான் மானியம் வந்தது. சமுதாய மேம்பாட்டு மானியம் என்று பெயர். பழைய குடிநீர்க் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதற்கு. ஒரு தவணைக்கு வார்டில் ஒரு தெரு. எங்கள் வார்டில் இரண்டு தெருவுக்குப் போட்டி. எங்கள் தேரடிப் பின்தெரு, அடுத்தது மேட்டுத் தெரு. எந்தத் தெருவில் குழாய் மோசம் என்று என்ஜினியர் வந்து பார்த்து, ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். மோசமான தெருவுக்கு மானியம். எங்கள் குழாய் மேட்டுத் தெருக் குழாயைவிடப் பதினான்கு வருஷம் மூத்தது. ஜெயிக்க ஒரு வேலையும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

இவர்களுக்குச் சும்மா இருக்கத் தெரியுமா?

என்ஜினியர் அம்மா வரப் போகிறாள் என்று முந்தின நாளே திரவியத்துக்குத் தகவல் வந்துவிட்டது. வந்ததும் என்ன செய்தான் என்கிறீர்கள்? தெருவைக் கூட்டச் சொன்னான். ஒழுகிக் கிடந்த இடத்தில் எல்லாம் மண் அடித்து மூடினான். ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர், கல்யாண வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி. வீட்டுக்கு வீடு கோலம். அதைவிடக் கேவலம், வாசல் குழியை எல்லாம் பலகை போட்டு மூடி, மேலே பூந்தொட்டியைத் தூக்கி வைத்தார்கள். வெளியூர்ப் பொம்பளை வந்து நம்ம குழியைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று வெட்கமாம். அவள் பார்க்க வருவதே குழியைத்தான். பார்க்க வேண்டியதை எல்லாம் மூடி வைத்துவிட்டு, வாங்க வாங்க என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத தெரு என்று மனுப் போட்டுவிட்டு இளநீர். அந்த அம்மாவும் குடித்துவிட்டு, "தெரு நல்லா சுத்தமா வெச்சிருக்கீங்களே" என்றாள். இவர்களுக்குப் பல்லெல்லாம் வெளியே வந்துவிட்டது. முப்பத்தாறு குழி மூடிக் கிடந்தது. நான் எண்ணினேன்.

என் குழியை நான் மூடவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தெருவுக்கு நடுவில் இருக்கிற வீட்டில் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று விதி. நாற்பத்து நான்கு வீட்டில் நடு வீடு என்று ஒன்று கிடையாது. இருபத்திரண்டும் இருபத்து மூன்றும் சேர்ந்துதான் நடு. அதை அங்கே ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் அத்தனை பேருக்கு நடுவில் நான் எப்படிச் சொல்வது? இருபத்து மூன்று பூட்டிக் கிடந்தது. அதனால் என் வாசலுக்கு வந்தார்கள். தண்ணீர் நாள் இல்லை, ஆனாலும் வால்வைத் திறக்கச் சொல்லியிருந்தாள். அந்த அம்மா ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்தாள். புதுப் பாட்டில். வெள்ளை லேபிள் ஒட்டி, அதில் அழகான எழுத்தில் தேதி, தெருப் பெயர், வீட்டு நம்பர் இருபத்திரண்டு. "ஐயா, குழாயிலேர்ந்து இதுல ஒரு பாட்டில் பிடிச்சுக் குடுங்க" என்றாள். ஐயா என்றாள். இந்தத் தெருவில் என்னை யாரும் ஐயா என்றது கிடையாது. அதற்குள் அவளுக்குப் போன் வந்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் குழியில் இறங்கினேன். குழாயைத் திறந்தேன். ஒன்பது நிமிஷம் காற்று. அப்புறம் வந்தது பாருங்கள். கருப்பட்டிக் காப்பி என்று சொன்னேனே, அதில் துரு செதில் செதிலாக. இரண்டு சிவப்புப் புழு. ஒன்று நெளிந்தது.

தம்பி, நீங்கள் சொல்லுங்கள். என் வீட்டு நம்பர் எழுதிய பாட்டில். ஐயா என்று கூப்பிட்ட அம்மா. மேலே தெருவே நின்று பார்க்கிறது. அந்தத் தண்ணீரைப் பிடித்து, இந்தாங்க என்று நீட்டச் சொல்கிறீர்களா? நான் குழாயை மூடினேன். பாட்டிலோடு உள்ளே போனேன். பானையில் இருந்து மொண்டு ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதுவும் இந்தக் குழாயில் வந்த தண்ணீர்தான். கிணற்றிலும் எடுக்கவில்லை, கேனிலும் எடுக்கவில்லை. மூன்று நாளைக்கு முந்தி வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பதினெட்டு குடம் பிடித்ததில் ஏழாவதாக ஊற்றிய பானை.

சீனியம்மாள் பார்த்துவிட்டாள். சீனியம்மாள் என் வீட்டுக்காரி. அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "ஏங்க, அது தெளிஞ்ச தண்ணியில்ல?" என்றாள். நான் ஒரு பார்வை பார்த்தேன். வாயை மூடிக்கொண்டாள். அப்போது மூடிய வாயை அப்படியே வைத்திருந்தால் இத்தனையும் வந்திருக்காது.

பதினேழு நாள் கழித்து ஆய்வு முடிவு வந்தது. தேரடிப் பின்தெரு, தண்ணீர் குடிக்கத் தகுந்தது. மிக நன்று. மேட்டுத் தெரு, தகாதது. மானியம் மேட்டுத் தெருவுக்கு.

படித்தவர்கள் நடத்துகிற ஆய்வுக்கூடம். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, மிஷின் வைத்துக்கொண்டு. வடிகட்டிய தண்ணீருக்கும் வடிகட்டாத தண்ணீருக்கும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லையே. அறுபத்தொன்றில் போட்ட குழாயில் இப்படி ஒரு தண்ணீர் வருமா என்று ஒரு சந்தேகம் வர வேண்டாமா? ஒருத்தன் நேரில் வந்து பார்க்க வேண்டாமா? என்னத்தைப் படித்தார்களோ. மேட்டுத் தெருக்காரர்களைச் சொல்லவே வேண்டாம். சாக்கடை மாதிரி ஒரு பாட்டிலைக் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லாமல் அந்த அம்மா கையில் நீட்டியிருக்கிறார்கள். அந்தக் குணத்துக்குத்தான் பரிசு.

எங்கள் தெருவில் பழி திரவியத்தின் மேல் விழுந்தது. கேன் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டான், மேட்டுத் தெருவில் அவன் மச்சினன் இருக்கிறான், அவனுக்காக என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அவன் வீட்டுச் சுவரில் கரியால் யாரோ என்னவோ எழுதிவைத்தார்கள். அதில் இரண்டு எழுத்து வேறு தப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காமலே போய், அது நான் கொடுத்த தண்ணீர் என்று சொல்கிற அளவுக்கு நான் ஒன்றும் முந்திரிக்கொட்டை இல்லை.

மேட்டுத் தெருவில் புதுக் குழாய் போட்டார்கள். போட்டதும் எங்கள் பழைய குழாயில் ஊர்ந்து வந்த தண்ணீரும் சுருங்கிப் போயிற்று. முன்னே பதினெட்டு குடம் பிடித்த வீட்டில் நான்கு குடம். குளிக்க, துவைக்க, குடிக்க, எல்லாவற்றுக்கும் நான்கு நாளைக்கு நான்கு குடம். சீனியம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போனாள். அங்கே குழாய் முட்டி உயரத்தில் நிற்கிறதாம், திறந்தால் பீறிக்கொண்டு வருகிறதாம். அங்கே பொன்னுத்தாய் என்று ஒருத்தி. அவள் வீட்டுக் குழாயில்தான் பிடிக்க வேண்டும், மற்றவர்கள் விட மாட்டார்கள். விடுகிறவளுக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன மதினி, ஒங்க தெருத் தண்ணிதான் சர்க்காரே மெச்சுன தண்ணியாச்சே. எங்க தண்ணி ஒங்களுக்கு வயித்துக்கு ஒத்துக்கிருமா?" என்பாளாம். தினமும் அதையே சொல்வாளாம். புதிதாக ஒன்று யோசிக்கக்கூட அவளுக்கு அறிவு கிடையாது.

சீனியம்மாளுக்கு அறுபத்தெட்டு வயது. நாளைக்கு ஆறு குடம். இந்த ஜன்னல் வழியாக நான் எண்ணுவேன். நூற்றுப் பதினாறு நாள். அறுநூற்றுத் தொண்ணூற்றாறு குடம். நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. நான் ஏன் போகவில்லை என்றுதானே? நான் எப்படிப் போவது? பொம்பளைகள் நிற்கிற இடத்தில், அடுத்த தெருவில், குடத்தை வைத்துக்கொண்டு? என்னை அந்தப் பொன்னுத்தாய் ஏதாவது கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? சீனியம்மாளுக்கென்றால் பதில் சொல்ல வாய் இருக்கிறது. சொல்லவில்லை. ஆறாவது குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னை ஒரு தடவை பார்ப்பாள். அவ்வளவுதான். அது தினம் ஒரு தடவை. அதையும் எண்ணினால், அவள் விழுந்த கடைசி நாளைக் கழித்து, நூற்றுப் பதினைந்து.

நூற்றுப் பதினாறாவது நாள் நான்காவது குடத்தோடு மேட்டுத் தெரு முனையில் வழுக்கி விழுந்தாள். இடது கை மணிக்கட்டு. எலும்பு முறியவில்லை, பிசகிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். நான், "குடம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். எண்ணிக்கைக்காகக் கேட்டேன். அறுநூற்றுத் தொண்ணூற்றாறா, தொண்ணூற்று மூன்றா என்று எனக்குத் தெரிய வேண்டாமா? மிச்சம் மூன்றையும் திரவியம் வீட்டுப் பொண்ணு கொண்டுவந்து ஊற்றியது, அதனால் தொண்ணூற்றாறு. ஆனால் அந்தக் கேள்வி கேட்டதிலிருந்து சீனியம்மாள் என்னிடம் பேசவில்லை. அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை.

மறுநாள் தண்ணீர் நாள். ஆறு இருபதுக்கு அவளே குழியில் இறங்கினாள், ஒற்றைக் கையோடு. பழைய சர்பத் பாட்டிலில் முதல் தண்ணீரைப் பிடித்தாள். புழுவோடு. மூடி போட்டாள். உள்ளே வந்தாள். கம்பியிலிருந்து என் தாள்களை உருவினாள்.

என்னைக் கேட்கவில்லை, தம்பி. ஆறு வருஷத் தாள். தேதி வாரியாகக் குத்தியிருந்தது. அதைக் கொத்தாக உருவி, மஞ்சள் பையில் திணித்து, சர்பத் பாட்டிலையும் அதற்குள்ளேயே வைத்துக்கொண்டு ஏழு பத்து டவுன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். கையெழுத்து மட்டும் போடுவாள், அதிலும் ஒரு புள்ளி அதிகம். நகராட்சி ஆபீஸ் எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. கேட்டுக் கேட்டுப் போயிருக்கிறாள். கேட்பதற்கு அவளுக்குக் கூச்சமே கிடையாது.

பத்தரை மணி வரைக்கும் என்ஜினியர் அம்மாவின் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறாள். அந்த அம்மா வந்ததும் பாட்டிலை எடுத்து அவள் மேசை மேலே, காகிதத்துக்கு மேலேயே வைத்திருக்கிறாள். "அன்னைக்குக் குடுத்தது எங்க வீட்டுக்காரரு தெளிய வெச்ச தண்ணி. அவருக்குக் கலங்கலைக் குடுக்கக் கூச்சம். தப்பு அவரு மேல. தெரு என்னம்மா பண்ணுச்சு? இதான் கொழாத் தண்ணி. புழு இன்னும் உசுரோடதான் இருக்கு, பாத்துக்கிருங்க" என்று சொல்லியிருக்கிறாள். ஆபீஸில் அத்தனை பேர் முன்னால். தப்பு அவரு மேல. அப்படியே சொன்னாளாம். அங்கே பியூன் வேலை பார்க்கிற பையனின் அப்பா இந்தத் தெருவில் முப்பத்தொன்றாம் நம்பர். அவள் திரும்பி வருகிற பஸ் இங்கே வருவதற்கு முன்னால் சேதி வந்துவிட்டது.

அப்புறம் என் தாளை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அந்த அம்மா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாளாம். இப்படி ஒரு தெருவில் ஒழுகினது, அடைத்தது, கொட்டினது என்று ஆறு வருஷத்துக்கு யாரும் எழுதி அவள் பார்த்ததில்லையாம். பெரிய அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினாளாம். எச்சில் தொட்டுப் புரட்டியிருக்கிறாள், தம்பி. தாள் ஓரத்தில் தெரிகிறது.

அடுத்த தவணை மானியம் எங்கள் தெருவுக்கு. நீங்கள் இப்போது வாசலில் தோண்டிக்கொண்டிருக்கிறீர்களே, அது.

எனக்கு எத்தனை தாள் திரும்பி வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஐந்நூற்று முப்பத்தைந்து. மூன்று குறைகிறது. எந்த மூன்று என்றும் தெரியும். சித்திரை நான்கு, ஆடி பதினாறு, ஐப்பசி ஒன்று. ஒரே மூச்சில் தெருவில் ஐந்து இடத்தில் வெடித்த நாட்கள். கேட்டால், ஆபீஸ் கோப்பில் வைத்துவிட்டார்களாம், ஆதாரத்துக்காம். அதற்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தர வேண்டாமா? ஒருத்தன் ஆறு வருஷம் எழுதுகிறான், நீ மூன்று தாளை உருவிக் கோப்பில் குத்திக்கொள்கிறாய். இதற்கு என்ன பேர்? மிச்சத்தை மறுபடி தேதி வாரியாக அடுக்க எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. சர்பத் பாட்டில் கசிந்து நாற்பது தாளில் மை கரைந்துவிட்டது. அதைப் பற்றி இந்தத் தெருவில் ஒருத்தன் கேட்கட்டுமே. சீனியம்மாளுக்குச் சால்வை போட்டார்கள். பிள்ளையார் கோவில் முன்னால் மைக் வைத்து. தண்ணீர்த் தாய் என்று ஜெயராணி பேசினாள். முதல் தடவையாக வாயைத் திறந்து பேசினாள், அதிலும் இப்படிப் பேசினாள். நான் போகவில்லை. உள்ளே தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை திரவியம் வந்தான். இதே இடத்தில் நின்றான். "என்ன மாமா, அஞ்சாறு மாசமா என்னயக் கேன் தண்ணித் திருடன்னாங்கெ. எம்பொண்ணு பள்ளிக்கூடத்துல அழுதுட்டு வந்துச்சு. அந்தப் பொண்ணுதான் அத்தை விழுந்தன்னைக்கு ஒங்க வீட்டுக்குத் தண்ணி ஊத்துச்சு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மாமா?" என்றான்.

"நீ கேக்கலையே" என்றேன்.

 அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே போய்விட்டான். அன்றைக்கு டீக்கடையில் வைத்த பேர்தான் பாட்டில் வீடு. ரோஷம் இருக்கிறவனாக இருந்தால் சண்டை போட்டிருப்பான். நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். சிரிக்கிறவனிடம் என்ன சொல்வது?

இப்போது சொல்லுங்கள். இந்தக் காகிதத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவது? கோப்பில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? முதல் மாதிரி ஏற்கத்தக்கதல்ல. பியூனின் அப்பா சொன்னான். ஏற்கத்தக்கதல்ல. நாலு மடிப்பு வேட்டியில் வடிகட்டிய தண்ணீர், ஏற்கத்தக்கதல்ல. புழுவோடு போன சர்பத் பாட்டில் ஏற்கத்தக்கது. அந்த வரியை அடிக்க வேண்டும். மூன்று தாளும் என் கைக்கு வர வேண்டும். வந்தால் பார்க்கலாம். வராவிட்டால் அடைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாளாக இதற்காகத்தான் சம்மதிக்காமல் இருக்கிறேன். உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களிடம் சொல்லவில்லை. அவர்கள் செருப்போடு உள்ளே வந்தார்கள்.

என்ன? காகிதத்தில் பேர் என்ன போட்டிருக்கிறது என்றா? காட்டுங்கள். கண்ணாடி இல்லாமல் தெரிகிறது. சீனியம்மாள். ஆமாம். வீடு அவள் பேரில்தான் இருக்கிறது. அவள் அப்பா கொடுத்தது. வரி ரசீதும் அவள் பேரில்தான். நான் போட்டால் செல்லாது, தெரியும். நான் சம்மதிக்கவில்லை என்றால் அவள் போட மாட்டாள், அதற்காகச் சொல்கிறேன். நான்கு நாளாக அவளும் போடவில்லையே. நான் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள். பேசத்தான் மாட்டாள், ஆனால் காத்திருக்கிறாள். ஊருக்குத் தண்ணீர்த் தாய், இங்கே ஒரு கையெழுத்துக்கு என் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த மட்டுக்கும் சரிதான்.

வருகிறாள் பாருங்கள். மேட்டுத் தெருவிலிருந்துதான். இப்போதெல்லாம் ஒரு தடவைக்கு ஒரு குடம், அதுவும் முக்கால் குடம், வலது இடுப்பில். இடது கையில் இன்னும் பிடிக்க முடியவில்லை. இறக்கிவைக்கும்போது பாருங்கள், குடத்தோடு அவளும் தரைக்குப் போய்விட்டு எழுந்து வருவாள். நான்கு விநாடி ஆகும். முன்னே ஒன்றுதான்.

நீங்களே அவளிடம் கேளுங்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. போடாதே என்று சொன்னேனா? போடு என்றும் சொல்லவில்லை. நான் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் முகத்தை என்ன பார்ப்பது? வீடு யார் பேரில் இருக்கிறதோ அவர்கள் போட்டுக்கொள்ள வேண்டியது.

போட்டுவிட்டாளா? புள்ளி ஒன்று அதிகமாகத்தான் வைத்திருப்பாள்.

உயரமா? குழாய் எத்தனை அடி உயரத்தில் வேண்டும் என்று கேட்கிறீர்களா? என்ன சொல்கிறாள்? ரெண்டரை அடி. எனக்குக் குனிய முடியாதாம், அதனால் ரெண்டரை அடி வைக்கச் சொல்கிறாள். என்னிடம் பேச மாட்டாள், என் முதுகைப் பற்றி மட்டும் ஊராரிடம் சொல்வாள்.

ரெண்டரை என்று எழுதாதீர்கள், தம்பி. அடியுங்கள். இரண்டு அடி எட்டு அங்குலம். குடம் ஓர் அடி நான்கு அங்குலம். வாய்க்கும் குழாய்க்கும் நடுவில் நான்கு அங்குலம் விட வேண்டும், இல்லாவிட்டால் சாய்த்துத்தான் எடுக்க வரும். அடியில் ஓர் அடிக்குக் கல். கல் ஓர் அடி இருந்தால்தான் இடது கை படாமலே குடம் அவள் இடுப்புக்கு ஏறும். பின்கட்டில் மூன்று கல்லை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்று குறைந்தாலும் அவள் கையை ஊன்ற வேண்டியிருக்கும். இரண்டு அடி எட்டு. எழுதிவிட்டீர்களா? அவள் சொல்வதையெல்லாம் எழுதாதீர்கள். அவளுக்கு எல்லாமே குத்துமதிப்புத்தான்.